என்ஆர்இ எஃப்டி மேல் "இலவச" கிரெடிட் கார்டு: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வளைகுடாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஊர் வங்கியிலிருந்து அடிக்கடி வரும் போன் இது: "சார், உங்க என்ஆர்இ எஃப்டி மேல ஒரு கிரெடிட் கார்டு போட்டுடலாம். லைஃப்டைம் ஃப்ரீ. லீவுல வரும்போது யூஸ் ஆகும்." (என்ஆர்இ எஃப்டி என்பது வெளிநாட்டில் சம்பாதித்த பணத்தை ஊர் வங்கியில் போட்டுவைக்கும் நிரந்தர வைப்பு.) எனக்கும் வந்தது. நான் மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன், கணக்கு திருச்சியில் ஒரு தனியார் வங்கியில். பேசியவர் எனக்கென்று ஒதுக்கப்பட்ட ரிலேஷன்ஷிப் மேனேஜர் (ஆர்எம்).

அவர் சொல்லாமல் விட்டது லீன் பற்றி, அதாவது எஃப்டி மேல் வங்கி போட்டுவைக்கும் பிணைப் பிடிப்பு. வெளிநாட்டுச் சம்பளத்தை மட்டும் நம்பிக் கார்டு கொடுக்கப் பல வங்கிகள் தயங்கும். அதனால் எஃப்டியைப் பிணையாகப் பிடித்துக்கொள்கின்றன. அதில் தப்பில்லை. ஆனால் கார்டு உயிரோடு இருக்கும்வரை அந்த எஃப்டியை உடைக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டுமா இல்லையா? என்ஆர்இ எஃப்டியில் பணம் போடுவதே வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது, வேண்டியபோது அசலும் வட்டியுமாக வெளிநாட்டுக்கே திருப்பி எடுத்துக்கொள்ளலாம் என்பதற்காகத்தான். லீன் விழுந்துவிட்டால் அந்த "வேண்டியபோது" போய்விடுகிறது.

இரண்டாம் ஆண்டு ஸ்டேட்மென்ட்டில் 1,180 ரூபாய் வந்து நின்றது. ஆண்டுக் கட்டணம் 1,000, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. லைஃப்டைம் ஃப்ரீ என்றது வெறும் வாய்வார்த்தை, நிபந்தனைத் தாளில் "முதல் ஆண்டு இலவசம்" என்று இருக்கிறதாம். சொன்ன ஆர்எம் அதற்குள் வேறு வங்கிக்குப் போய்விட்டார். வாடிக்கையாளர் சேவைக்கு ஐஎஸ்டி போட்டு, பாட்டெல்லாம் கேட்டு முடித்து, கார்டை மூடச் சொன்னேன். "ரெக்வெஸ்ட் எடுத்தாச்சு சார்" என்றார்கள். அடுத்த மாதம் தாமதக் கட்டணமும் சேர்ந்து வந்தது. மறுபடி கூப்பிட்டால், அப்படி ஒரு கோரிக்கையே சிஸ்டத்தில் இல்லை என்கிறார்கள்.

ஆப்பில் கார்டை பிளாக் செய்ய வழி இருந்தது, மூட வழி இல்லை. (பிளாக் செய்வது மூடுவது ஆகாது. கணக்கு நடந்துகொண்டேதான் இருக்கும், ஆண்டுக் கட்டணமும் விழும். இதைத் தெரியாமல் நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர்.) புது ஆர்எம் சொன்னது இன்னும் அழகு: "எஃப்டி லிங்க் கார்டு சார், நேர்ல பிராஞ்ச் வந்து கையெழுத்து போட்டாதான் க்ளோஸ் ஆகும்." ஆயிரத்துச் சொச்ச ரூபாய்க்காக மஸ்கட்டிலிருந்து விமானம் ஏற வேண்டுமாம். அப்பா கிளைக்குப் போனார். கார்டுதாரர்தான் வரணும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஊரில் வீட்டு வேலை பாதியில் நிற்கிறது, கொத்தனாருக்குக் கொடுக்க வேண்டிய பணம் எஃப்டியில் கிடக்கிறது, அதை எடுக்க லீன் விடவில்லை.

அப்புறம்தான் ரிசர்வ் வங்கியின் விதியைத் தேடிப் படித்தேன். கார்டுகள் பற்றி 2022 ஏப்ரலில் வெளியிட்டு, அந்த ஜூலையில் நடைமுறைக்கு வந்த வழிகாட்டுதலில் தெளிவாகவே இருக்கிறது: பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால் மூடும்வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும். ஹெல்ப்லைன், மின்னஞ்சல், இணையதளம், ஆப் என்று பல வழிகளில் கோரிக்கை வைக்க வசதி செய்ய வேண்டும், தாமதமாகும் வழியில்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. நேரில் வா என்பதை வேறெந்தக் கணக்கில் சேர்ப்பது?

பாக்கியைக் காட்டி இழுப்பார்கள் என்பதால், கட்டணத்தை ஏற்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டு முழுத் தொகையையும் கட்டினேன். அன்றைக்கே கார்டை மூடவும் லீனை எடுக்கவும் கோரி, விதியைக் குறிப்பிட்டு, வாடிக்கையாளர் சேவைக்கும் நோடல் அதிகாரிக்கும் (வங்கியில் புகார்களைக் கவனிக்கும் மேலதிகாரி) ஒரே மின்னஞ்சல். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போவேன் என்றும் எழுதினேன். அந்தப் புகாருக்குக் கட்டணம் இல்லை, இணையத்திலேயே கொடுக்கலாம், நம் சார்பில் வீட்டில் ஒருவருக்கு அதிகாரம் கொடுத்தும் நடத்தலாம் (வக்கீலாக இருக்கக் கூடாது). இந்த மின்னஞ்சலுக்குப் பிறகு நேரில் வரச்சொல்லும் பேச்சே இல்லை. கார்டு மூடப்பட்டது, கட்டணம் திரும்பி வந்தது. லீனை எடுக்க மட்டும் தனியாக இரண்டு முறை நினைவூட்ட வேண்டியிருந்தது.

நாளுக்கு 500 கணக்கில் பாதிதான் கிடைத்தது. போனில் சொன்னதற்குப் பதிவில்லையாம், மின்னஞ்சல் தேதியிலிருந்துதான் எண்ணினார்கள். ஆகவே போனில் மூடச் சொன்னால் கோரிக்கை எண் வாங்காமல் வைக்காதீர்கள், அதையும் மின்னஞ்சலில் ஒருமுறை எழுதிவிடுங்கள். புதிதாகக் கார்டு வாங்குபவர்கள், எத்தனை ஆண்டு இலவசம், எந்த எஃப்டியில் எவ்வளவு லீன், மூடினால் எப்போது விடுவிப்பார்கள் என்ற மூன்றுக்கும் வங்கி முகவரியிலிருந்து பதில் வந்த பிறகே சம்மதியுங்கள். ஆர்எம்மின் வாட்ஸ்அப் போதாது, அவர் மாறிவிடுவார்.

ஒன்று இன்னும் பாக்கி. நம் கடன், கார்டு வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் கார்டு மூடியதாகக் காட்டினாலும், கட்டணம் கட்டத் தாமதமானது அப்படியே நிற்கிறது. திருத்தக் கோரிக்கை போட்டிருக்கிறேன். 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்ற விதி 2024 ஏப்ரல் முதல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கை இலவசம், வெளிநாட்டில் இருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். மூடிவிட்டதாக நினைக்கும் கார்டு ஏதாவது அதில் திறந்தே இருக்கலாம்.