ஒயினரி டூர் என்று சொல்லி ரூ.38,500 பறித்துவிட்டார்கள் – புதுச்சேரி மக்கள் கவனம்

ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன். ஒயின் தயாரிக்கும் இடத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லிப் பணம் வாங்கின டூர் ஏஜென்சி ஒன்று. இன்று மாலையும் அது இருக்கும் மாடிக்குப் போய், பூட்டின கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். ரூ.38,500. எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. வழக்குப் போடப் போவதால் பெயரைப் போடவில்லை. புதுச்சேரி டவுனுக்குள், ஒரு துணிக்கடைக்கு மேல் சின்ன ஆபீஸ் வைத்து டூர் பேக்கேஜ் விற்கிறவர்கள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நடந்ததையும், இப்படி ஒரு டூருக்குப் பணம் கட்டும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்பதையும் விவரமாக எழுதிவிடுகிறேன்.

என் மாமா, அம்மாவின் தம்பி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அத்தையோடு பாரிஸ் பக்கம் இருக்கிறார். சொல்தா வீடு, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் வீடு என்றால் நம் ஊரில் தெரியாதவர் கிடையாது. ஜூலை, ஆகஸ்ட் வந்தால் எத்தனையோ வீடுகளில் இப்படி ஆட்கள் வந்து இறங்குவார்கள். மாமாவுக்குச் சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் சிவப்பு ஒயின் வேண்டும். அதுவும் இனிப்பே இல்லாத, அடர்த்தியான, துவர்ப்பு ஏறிய ஒயின். இந்தியாவிலும் கேபர்னே, சிரா திராட்சையில் சிவப்பு ஒயின் எல்லாம் போடுகிறார்களாமே, செய்கிற இடத்துக்கே போய்ச் சுவைத்துப் பார்க்கணும் என்று போனில் பேசும்போதெல்லாம் சொல்வார். ஒயினரிகள் இருக்கும் மகாராஷ்டிரா நாசிக் ரொம்ப தூரம். பெங்களூரு தாண்டி நந்தி மலைப் பக்கம் என்றால் காரிலேயே போய்விடலாம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்டாகிராமில் இவர்கள் விளம்பரம் வந்தது: "பிரான்ஸிலிருந்து வரும் உங்கள் சொந்தங்களுக்காக." யாரைக் குறிவைத்துக் கடை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தலைக்கு ரூ.7,700. நாங்கள் ஐந்து பேர், ரூ.38,500. கார் செலவு தனி. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்தும் ஒயினரி, ஐந்து வகை சிவப்பு ஒயின், ஒயினை ஊற வைக்கும் மரப் பேரலில் இருந்தே பிடித்துத் தருவது, மதியச் சாப்பாடு, ஓர் இரவு தங்கல். ஒயினே தொடாத அம்மாவுக்கும் முழுக் காசு.

கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன். எந்த இடம், என்னென்ன திராட்சை, லைசென்ஸ் இருக்கிறதா என்று. அந்த ஆள் கொஞ்சமும் தயங்காமல், "அண்ணே, நீங்களே ஓனர்கிட்ட பேசிடுங்க" என்று போனைப் போட்டுக் கையில் கொடுத்தார். அந்தப் பக்கம் வயதான குரல், நல்ல தமிழ். எங்க தாத்தா ஆற்காடு பக்கத்துக்காரர், இங்கே வந்து நிலம் வாங்கினார் என்று ஆரம்பித்து, பழம் பறிக்கிற கதை, பேரல் வாங்கின கதை எல்லாம் சொன்னார். "உங்க மாமா எனக்கும் மாமாதான். நானே கூட இருந்து ஊத்திக் கொடுக்கிறேன், கூட்டிட்டு வாங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் இருந்த அன்பை நம்பித்தான் அங்கேயே பணத்தை அனுப்பினேன். கம்பெனி அக்கவுண்டில் ஏதோ பிரச்சினை என்று ஒரு தனி ஆள் பெயரில் இருந்த யூபிஐக்கு வாங்கிக்கொண்டார்கள். பில் அப்புறம் வரும் என்றார்கள். இன்று வரை வரவில்லை.

லொகேஷனைக் கிளம்புவதற்கு முந்தின இரவுதான் அனுப்பினார்கள். செஞ்சி, திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர், அப்புறம் பெங்களூரு நெரிசல். அறுபத்தெட்டு வயது மாமாவை அவ்வளவு தூரம் உட்கார வைத்துக் கூட்டிப்போனால், அங்கே இருந்தது ஒரு பண்ணை வீடு. போர்டு இல்லை. பந்தலில் ஏற்றின கொடி, ஜூஸுக்கும் மலிவான இனிப்பு ஒயினுக்கும் போகும் பெங்களூர் ப்ளூ திராட்சை. போனில் பேசின பெரியவர் இல்லை. அவரைப் பற்றிக் கேட்டதற்கு அங்கிருந்த பையனுக்கு அப்படி ஒருவரையே தெரியவில்லை. நான் அவனைக் குறை சொல்லவில்லை, அவன் சம்பளத்துக்கு நிற்கிறவன்.

ஒயினரி என்றால் டேங்க் எங்கே, பேரல் ரூம் எங்கே என்று மாமா கேட்டார். உள்ளே ஃபெர்மென்டேஷன் நடக்கிறது, வெளி ஆட்கள் போகக் கூடாது என்று பதில். மாமா முகம் அப்போதே மாறிவிட்டது. அந்தப் பக்கம் ஒயின் திராட்சையைப் பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வாக்கில் பறித்து முடித்துவிடுவார்கள். சிவப்பு ஒயின் நொதிக்க ஒன்றிரண்டு வாரம் போதும். ஆகஸ்டில் எந்தப் பழம் நொதிக்கிறதாம்? வராந்தாவில் ஒரு பேரல் வைத்திருந்தார்கள். தட்டிப் பார்த்தேன், காலி.

ஐஸ் பெட்டியில் இருந்து ஜக்குகளை எடுத்து வந்து வைத்தான். ஒன்றிலும் லேபிள் இல்லை. இது கேபர்னே, இது ஷிராஸ் (சிராவின் இன்னொரு பெயர்), இது டெம்ப்ரனியோ என்று வாயால் சொன்னதுதான். சிவப்பு ஒயினுக்கு நிறமும் துவர்ப்பும் திராட்சைத் தோலில் இருந்து வருகிறது. சாற்றைத் தோலோடு ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும். கருப்புத் திராட்சையானாலும் பெரும்பாலும் சாறு நிறமில்லாமல்தான் இருக்கும். நல்ல கனமான ஒயினைக் குடித்தால் கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி நாக்கும் ஈறும் இழுக்கும். இது சர்க்கரைப் பாகு. ஐந்து ஜக்கிலும் ஒரே ருசி. மாமா ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னடா மாப்ள, இது ஒயினே இல்லையே" என்றார். அதற்குமேல் அவர் எதுவும் சொல்லாததுதான் எனக்குத் தாங்கவில்லை. என் மனம் நோகக் கூடாது என்று அந்த மனிதர் வாயை மூடிக்கொண்டார்.

அதற்குப் பிறகு என் மனைவி யாரையும் கிளாஸைத் தொடவே விடவில்லை. அவள் கேட்டது நியாயம். நம்மிடம் இருந்து மரக்காணம் எவ்வளவு தூரம்? 2023 மே மாதம் அங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் என்கிற விஷ ஆல்கஹால் கலந்த சாராயத்தால் எத்தனை பேர் போனார்கள், அடுத்த வருடமே கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர். எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஜக்கை ஊற்றி வைத்துவிட்டு அதற்குக் காசும் கேட்கிறார்கள். ஆமாம், கேட்டார்கள். கிளாஸ் சார்ஜ் என்று நாலு பேருக்கு ரூ.3,600 தனியாக. கேட் சாவி அவர்கள் கையில், இருட்டிவிட்டது, அம்மாவும் அத்தையும் கூட இருக்கிறார்கள். கொடுத்தேன். போதாததற்கு லேபிள் இல்லாத ஆறு பாட்டிலை "பேக்கேஜில் சேர்ந்தது" என்று டிக்கியில் வைக்கப் பார்த்தான். அங்கேயே இறக்கி வைத்துவிட்டேன். வெளி மாநிலச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, கடலூர் போகும்போது எல்லையில் முள்ளோடை செக்போஸ்ட்டில் பார்க்கிறதுதானே. அதுவும் பில் இல்லாத, லேபிள் இல்லாத பாட்டில். செக்போஸ்ட்டில் மாட்டியிருந்தால் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற மாமா நிலைமை என்ன?

ஊர் திரும்பியதும் ஆபீசுக்குப் போனேன். முதலில், ஓனர் சென்னையில். பிறகு, பார்ட்னர்தான் முடிவெடுக்கணும். பிறகு, ரீஃபண்ட் ப்ராசஸில் இருக்கு, ஏழு வேலை நாள். ஏழு வேலை நாள் முடிந்து கேட்டால், "சார், டேஸ்ட் ஆளுக்கு ஆள் மாறும். நீங்கதான் குடிச்சீங்களே." அந்தப் பெரியவரிடம் போன் போடு என்றேன். நம்பர் மாறிவிட்டதாம். கடைசியாக, அடுத்த டூரில் ரூ.2,000 தள்ளுபடி தருகிறேன் என்றார்கள். என் ரூ.38,500-ஐ வைத்துக்கொண்டு எனக்கே தள்ளுபடி! அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக் மட்டும்தான். இப்போது கதவும் பூட்டு.

நந்தி மலைப் பக்கமும் நாசிக்கிலும் முறையாக நடக்கும் ஒயினரிகள் இருக்கின்றன. கொடி வரிசை, ஸ்டீல் டேங்க், பேரல் அறை எல்லாம் சுற்றிக் காட்டி, லேபிள் உள்ள பாட்டிலைக் கண்ணெதிரில் திறந்து, லேசானதில் தொடங்கிக் கனமானதுக்குப் போவார்கள். மாமாவை அப்படி ஓர் இடத்துக்குக் கூட்டிப்போகத்தான் ஆசைப்பட்டேன். அவர் வரும் செவ்வாய் ஊருக்குக் கிளம்புகிறார்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இதற்குமேல் கை ஓடவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். ஒயினரியின் சொந்த இணையதளத்தில் நீங்களே புக் செய்யுங்கள், நடுவில் ஆள் வேண்டாம். தனி ஆள் பெயரில் இருக்கும் யூபிஐக்கு அனுப்பாதீர்கள். பில் கையில் வராமல் பணம் கட்டாதீர்கள். லேபிள் இல்லாததை வாயில் வைக்காதீர்கள். ஏமாந்தது ஆன்லைன் பணம் என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. 2019 நுகர்வோர் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், நாம் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. நான் புதுச்சேரியிலேயே போடப் போகிறேன். இதே ஆட்களிடம் பணம் கட்டினவர்கள் இருந்தால், ரசீதோ ஸ்கிரீன்ஷாட்டோ எது இருந்தாலும் பத்திரமாக வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்து போடலாம்.