சி70 என்ஜினை இறக்கிக் கட்டி, ஓட்டிப் பார்த்த பிறகு

ஹோண்டா சி70 கப்சாயின் (மலேசியாவில் இந்தச் சின்ன மோட்டார் சைக்கிளை அப்படித்தான் சொல்வோம்) என்ஜினை வீட்டுப் போர்ச்சிலேயே பிரித்துக் கட்டி, சில வருஷமாகப் பினாங்குத் தீவில் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கட்டி முடித்த மறுநாள் எல்லா என்ஜினும் நன்றாகத்தான் ஓடும். எந்தச் செலவு உருப்படி, எது வீண் என்பது நாள்பட ஓட்டினால்தான் தெரியும்.

இந்த ஊரில் ஒரு வசதி உண்டு. பினாங்கு வியாபாரி லோ பூன் சியூ 1958இல் ஹோண்டா மோட்டாரை மலாயாவுக்குக் கொண்டுவந்தது இந்த ஊரிலிருந்துதான். பழைய பட்டறைகளில் இந்த என்ஜினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கேட்டால் சொல்லியும் கொடுப்பார்கள்.

72 சிசி, ஒரே சிலிண்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 47 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 41.4. பிரிப்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. படுத்துவது ஸ்க்ரூதான். ஜப்பான் ஸ்க்ரூவின் தலையில் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் முழுசாக உட்காராது. மல்லுக்கட்டினால் தலை மழுங்கிவிடும். ஜேஐஎஸ் (ஜப்பான் அளவு) முனை, சுத்தியலால் தட்டித் திருகும் இம்பேக்ட் டிரைவர், ஃப்ளைவீலைக் கழற்றும் புல்லர் மூன்றும் கையில் வந்த பிறகு ஆரம்பியுங்கள்.

கொடுத்த காசுக்கு இன்றுவரை பலன் தருவது போரிங், அதாவது சிலிண்டரை உள்ளே குடைந்து பெரிதாக்கும் வேலை. என் சிலிண்டர் தேய்ந்து வட்டமே கெட்டிருந்தது. ஜார்ஜ்டவுனில் லேத் வைத்திருக்கும் சீனப் பெரியவர் பிளாக்கைத் தொடக்கூட இல்லை. "முதலில் பிஸ்டனைக் கொண்டு வா, அப்புறம் வெட்டலாம்" என்றார் மலாயில். பெட்டியில் 0.25 ஓவர்சைஸ் (0.25 மில்லிமீட்டர் பெரியது) என்று போட்டிருந்தாலும் பிஸ்டனுக்குப் பிஸ்டன் அளவு கொஞ்சம் மாறும். அதை மைக்ரோமீட்டரில் பார்த்துத்தான் சிலிண்டரை வெட்ட வேண்டும். இன்றும் புகை இல்லை, எண்ணெயும் குறைவதில்லை.

வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டைச் சுற்றும் கேம் செயினில் மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணன் ஒருவர் இதே சமயத்தில் இதே என்ஜினைக் கட்டினார். அவர் போட்ட மலிவுச் செயின் சீக்கிரமே நீண்டு, கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. நான் ஒரிஜினல் போட்டேன், இன்னும் சத்தமில்லை. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைப் பூட்டும்போது செம்பு வாஷர் எங்கிருந்து வந்ததோ அங்கேயே போக வேண்டும். எண்ணெய் மேலே ஏறுவது அந்த ஸ்டட் (நீள போல்ட்) வழியாகத்தான்.

எண்ணெய் ஒரு லிட்டருக்கும் குறைவு. காகித ஃபில்டர் கிடையாது. ஒரு கம்பி வலை, கிளட்சோடு சேர்ந்து சுழலும் ஒரு வடிகட்டி, அவ்வளவுதான். புதிதாகக் கட்டிய என்ஜினில் முதல் எண்ணெய் மினுமினுவென்று இரும்புத்தூளோடு இறங்கும். பயப்பட வேண்டாம், ஆனால் அதைச் சீக்கிரம் இறக்கிவிடுங்கள். பெரிய பிஸ்டன் கிட் போடச் சொல்லி நிறையப் பேர் ஆசை காட்டினார்கள். இவ்வளவு எண்ணெயையும் எதிர்க்காற்றையும் நம்பி ஓடும் என்ஜினுக்கு அது எதற்கு?

ஆறு வோல்ட்டுக்குப் பழகிக்கொள்ள வேண்டும். என்ஜின் மெதுவானால் விளக்கும் மங்கும். இரவில் தித்தி கெராவாங் மலைச்சாலை வளைவுகளில் வேகத்தைக் குறைத்தால் முன்னால் மஞ்சளாக ஏதோ தெரியும், அவ்வளவே. பாலிக் புலாவில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனால் இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவேன். ஏற்றத்தில் மூன்றே கியர்தான். பின்னால் மனைவி உட்கார்ந்தால் இரண்டாவதிலேயே முனகிக்கொண்டு ஏறும். "இறங்கி நடக்கட்டுமா?" என்று அவர் கேட்பது வழக்கமாகிவிட்டது.

தொடர்ந்து கவனிக்க வேண்டியது கான்டாக்ட் பாயின்ட், அதாவது தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சின்ன சுவிட்ச். அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும், டைமிங் பின்தங்கும். காலையில் கிக் அடித்து அடித்துக் கால் வலிக்கும். இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீட்டருக்குள் வைத்து, டைமிங்கை ஃப்ளைவீலில் இருக்கும் எஃப் குறியில் சரிபார்த்தால் போதும். டேப்பெட்டுக்கு (வால்வைத் தள்ளும் இடத்தின் இடைவெளி) என்ஜின் ஆறிய பிறகு 0.05 மில்லிமீட்டர்.

இப்போதைக்கு ஒரே குறை, கியர் ஷாஃப்ட் சீலில் லேசான கசிவு. அதற்கு என்ஜினை மறுபடி இறக்க வேண்டியதில்லை. வெளியிலிருந்தே நெம்பி எடுத்துப் புதியதை அடித்துவிடலாம். சீல் வாங்கி வைத்திருக்கிறேன், மழை விட்டால் மாற்ற வேண்டும்.