இரண்டு லட்சம் கிலோமீட்டரை நெருங்கும் டீசல் பிக்கப்: இன்ஜெக்டர் பட்ட பாடு

என்னுடையது நான்கு சிலிண்டர் காமன் ரெயில் டீசல் பிக்கப். அதாவது, டீசலை உயர் அழுத்தத்தில் ‘ரெயில்’ என்ற ஒரே பொதுக் குழாயில் தேக்கி, அங்கிருந்து எல்லா சிலிண்டருக்கும் கொடுக்கும் வகை. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் சோலனாய்டு வகை, மின்காந்தத்தால் திறப்பவை. ஓடிய தூரத்தில் பாதி, பின்பெட்டி நிறையப் பாரத்தோடு ஓடியது. கியர்பாக்ஸ், ஆக்சில், சேஸிஸ் எதிலும் இன்றுவரை குறை சொல்ல ஒன்றும் இல்லை. செலவு வைத்ததெல்லாம் எரிபொருள் பகுதிதான். ஆனால் ‘இன்ஜெக்டர் போய்விட்டது’ என்று ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்டதில் பாதிக்கு மேல் குற்றவாளி வேறு எங்கோ இருந்தது.

ஒன்றேகால் லட்சம் தாண்டியதும் முதல் தொல்லை வந்தது. காலையில் குளிர்ந்த இன்ஜின் உடனே பிடித்துக்கொள்ளும். நன்றாக ஓடிச் சூடேறிய வண்டியை அணைத்துவிட்டுச் சற்று நேரத்தில் மறுபடி சாவியைத் திருப்பினால், செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், இன்ஜின் பிடிக்காது. பேட்டரியை மாற்று, செல்ஃப் மோட்டாரைப் பார் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சூட்டில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத காமன் ரெயில் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரெயில் அழுத்தத்தை. செல்ஃப் சுற்றும்போது ரெயிலில் சுமார் 200 முதல் 300 பார் (ஒரு பார் ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) வரையாவது ஏறினால்தான் இன்ஜினின் கணினி இன்ஜெக்டரைத் திறக்க விடும். தேய்ந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள்ளேயே டீசலை ரிட்டர்ன் குழாய்க்கு (மிஞ்சிய டீசல் டேங்குக்குத் திரும்பும் குழாய்) கசியவிடும். சூட்டில் டீசல் நீர்த்துவிடுவதால் கசிவு இன்னும் கூடும். அழுத்தம் எப்படி ஏறும்?

வண்டியைப் பார்த்த பட்டறையில் நான்கையும் மாற்றச் சொன்னார்கள். முதலில் ரிட்டர்ன் டெஸ்ட் செய்யுங்கள் என்றேன். ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, அளவுக் கோடு போட்ட நான்கு குப்பிகளில் தனித்தனியே விட்டு, இன்ஜினை ஐட்லிங்கில் ஓடவிட்டார்கள். மற்ற குப்பிகளில் விரல்கடை அளவு டீசல் தேங்குவதற்குள் மூன்றாம் சிலிண்டரின் குப்பி கழுத்து வரை வந்துவிட்டது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினோம். ‘மாற்றினால் நான்கும் சேர்த்துத்தான்’ என்பவர்கள் உண்டு. மூன்றும் ஒரே அளவில் நிற்கும்போது அதற்கு அவசியம் இல்லை என்பது என் கட்சி. அந்த மூன்றும் இன்னும் அதே இன்ஜினில்தான் ஓடுகின்றன.

மூன்றாம் சிலிண்டரின் இன்ஜெக்டர் ஏன் தேய்ந்தது என்பது டீசல் ஃபில்டரைத் திறந்தபோது தெரிந்தது. கிண்ணத்திலிருந்து வடித்த டீசலின் அடியில் தண்ணீர். அதற்கும் அடியில் துருநிறப் பொடி. டேஷ்போர்டில் நீர் எச்சரிக்கை விளக்கு ஒருமுறைகூட எரிந்ததில்லை, சென்சார் முனையில் அழுக்கு படிந்திருந்தது. இன்ஜெக்டரின் உள் பாகங்களுக்கு இடையே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். டீசல் பீய்ச்சும் முனையான நாசிலின் துளைகளே 100 முதல் 150 மைக்ரான் வரைதான் இருக்கும். தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த இடுக்கில் 1,600 முதல் 2,000 பாருக்கு மேலான அழுத்தத்தில் டீசல் பாயும்போது கூடவே ஒரு துருத்துகள் வந்தால் போதும். இங்கே டீசல்தான் எண்ணெய். உராய்வைத் தடுக்க வேறு எதுவும் கிடையாது. கந்தகத்தை நீக்கும்போது டீசலின் வழவழப்புத் தன்மையும் குறைவதால், அதை ஈடுகட்டச் சுத்திகரிப்பு நிலையங்களிலேயே சேர்மங்கள் கலக்கிறார்கள். ஐரோப்பிய இஎன் 590 தரம் கந்தகத்துக்கு 10 பிபிஎம் உச்ச வரம்பு வைப்பதோடு, வழவழப்புச் சோதனையில் தேய்மானத் தழும்பு 460 மைக்ரானைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. தண்ணீர் கலந்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண்.

அடுத்த தொல்லை வேறு விதம். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இன்ஜின் மேற்புறத்திலிருந்து ‘சஃப் சஃப்’ என்று ஒரு சத்தம், கூடவே கேபினுக்குள் புகை வாடை. இதையும் இன்ஜெக்டர் கணக்கில்தான் எழுதினார்கள். கழற்றியபோது இன்ஜெக்டரைச் சுற்றித் தார் போலக் கெட்டியான கரி. அடியில் இருக்கும் காப்பர் வாஷர் ஒரு பக்கம் அரித்துப்போய், எரிந்த வாயு அந்த வழியே மேலே வந்துகொண்டிருந்தது. இன்ஜெக்டரில் எந்தக் கோளாறும் இல்லை. வாஷர் உட்காரும் இடத்தைச் சுத்தமாகச் சுரண்டி, புது வாஷர், புது போல்ட் போட்டு, சொன்ன அளவு முறுக்கத்தில் இறுக்கியதோடு சத்தம் நின்றது. இதை நாள்பட விட்டால், ராக்கர் கவருக்குள் (இன்ஜினின் மேல்மூடி) இன்ஜெக்டர் அமைந்த இன்ஜின்களில் கரி ஆயிலில் கலந்து, ஆயில் உறிஞ்சும் வலையையே அடைத்துவிடும். பிறகு இன்ஜினே மிஞ்சாது.

மாற்றும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். இன்ஜெக்டரின் தலையில் பொறித்திருக்கும் குறியீட்டு எண்ணை ஸ்கேனர் வழியே கணினியில் பதிய வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தயாரிப்பில் இம்மியளவு மாறுபடும். அந்த வித்தியாசத்தைச் சொல்லும் எண் அது. பதியாமல் விட்டால் தட்டலும் புகையும் வரும், புதுசும் கெட்டதென்று முத்திரை விழும். இன்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்க்கும் வழக்கமும் உயிருக்கு ஆபத்து. இந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வடிவமைப்பிலேயே கோளாறு இருந்த கதைகளும் உண்டு. 2001 முதல் 2004 வரை வந்த ஜெனரல் மோட்டார்ஸ் டியூராமேக்ஸ் எல்பி7 இன்ஜினின் இன்ஜெக்டர்கள் அடிக்கடி பழுதானதால், அந்நிறுவனம் அவற்றுக்கான உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 2,00,000 மைல் என்று நீட்டித்தது. 2019, 2020 மாடல் ராம் கம்மின்ஸ் பிக்கப்புகளின் சிபி4 உயர் அழுத்தப் பம்ப் 2021இல் திரும்பப் பெறப்பட்டு, பழைய சிபி3 பம்ப் பொருத்தப்பட்டது. பம்ப் உள்ளே சிதைந்தால் உலோகத் துகள் ரெயில் முழுக்கப் பரவி அத்தனை இன்ஜெக்டரையும் காவு வாங்கும். பம்பை மாற்றாமல் இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் புதியவையும் அதே வழியில் போகும்.

இப்போது கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே ஃபில்டரை மாற்றிவிடுகிறேன். தண்ணீரை அடிக்கடி வடிக்கிறேன். டேங்கைக் கால்பங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை. டேங்கில் ஒரு புட்டி ஊற்றினால் இன்ஜெக்டர் புதிதாகிவிடும் என்ற விளம்பரங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. நாசிலில் படிந்த லேசான படிவத்தை அது கரைக்கலாம். தேய்ந்த வால்வை வளர்க்காது.

பழைய பிக்கப் வாங்குகிறவர்கள் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடேற்றி, அணைத்துவிட்டு உடனே ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். பிறகு ஐட்லிங்கில் விட்டு, ஸ்கேனரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் கணினி கொடுக்கும் திருத்த அளவைக் (இன்ஜின் சீராக ஓட டீசலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கேட்டு வாங்குங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நின்றால், பேரத்துக்கு முன் ரிட்டர்ன் டெஸ்ட் வேண்டும் என்று சொல்லுங்கள். விற்பவர் அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு வண்டி பாருங்கள்.