டைகரா, ஐஎஸ்-2-ஆ? வார் தண்டரில் கனரக டாங்கி எடுக்கப் போகிறவர்களுக்கு

விமானம், டாங்கி, கப்பல் ஓட்டிச் சண்டையிடும் இணைய விளையாட்டான வார் தண்டரில் தரைப்படை ஆடி மேலே ஏறிக்கொண்டிருக்கும் எவருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: ஜெர்மனியின் டைகரா, சோவியத்தின் ஐஎஸ்-2-ஆ? 2014-ல் இந்த விளையாட்டில் டாங்கிகள் வந்தபோது முதலில் கிடைத்த இரண்டு நாடுகள் இவைதான். இந்த வாக்குவாதமும் கிட்டத்தட்ட அப்போதிலிருந்தே ஓடுகிறது. நான் இரண்டையும் திறந்து ஆடிவிட்டு டைகரிலேயே தங்கிவிட்டவன். ஆகவே நடுநிலைத் தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்காதீர்கள்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். டைகர் 57 டன், ஐஎஸ்-2 46 டன். வேகத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, இரண்டுமே கனரக டாங்கிகள், இரண்டுமே மெதுவாகத்தான் போகும். யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்கும் பேட்டில் ரேட்டிங்கில் ஐஎஸ்-2 சற்று மேலே இருக்கும். அடிபட்ட டாங்கிக்கு விளையாட்டுப் பணத்தில் கட்டும் ரிப்பேர் செலவு ஒரு காலத்தில் பெரிய தலைவலி. 2023 மே மாதம் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்த பிறகு விளையாட்டின் பொருளாதாரத்தைத் திருத்தினார்கள். இன்று செலவை வைத்து மட்டும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை.

முடிவு செய்வது ரீலோட் நேரம், அதாவது ஒரு குண்டைச் சுட்டபின் அடுத்ததை ஏற்ற ஆகும் நேரம். என்னைக் கேட்டால் அது ஒன்றுதான்.

ஐஎஸ்-2-இன் 122 மி.மீ. பீரங்கிக்குக் குண்டு இரண்டு துண்டாக வரும். 25 கிலோ எடையுள்ள தலைப்பகுதியை முதலில் உள்ளே தள்ள வேண்டும், அப்புறம் வெடிமருந்து அடைத்த கேஸை வைக்க வேண்டும். நிஜப் போரிலேயே நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறைதான் சுட முடிந்தது. விளையாட்டிலும் அதை அப்படியே வைத்திருக்கிறார்கள்: நன்றாகப் பயிற்சி கொடுத்த லோடர் (குண்டு ஏற்றும் வீரர்) இருந்தாலும் இருபது நொடிக்கு மேல் காத்திருக்க வேண்டும். டைகரின் 88 மி.மீ. குண்டு ஒரே துண்டு, தலைப்பகுதி பத்து கிலோ சொச்சம்தான். எட்டு நொடி சுமாரில் அடுத்த குண்டு தயார்.

எண்ணாகப் பார்த்தால் பன்னிரண்டு நொடி வித்தியாசம், அவ்வளவுதானே என்று தோன்றும். ரியலிஸ்டிக் மோடில் ஆடிப் பாருங்கள். எதிரியின் தலைக்கு மேல் குறி காட்டாது, தூரத்தை நீங்களே கணிக்க வேண்டும். முதல் குண்டு குறுகி மண்ணில் விழுவது சகஜம். டைகரில் அது வெறும் அளவுபார்க்கும் குண்டு. கொஞ்சம் உயர்த்தி மறுபடி சுடலாம். ஐஎஸ்-2-இல் முதல் குண்டு தவறினால், அது வந்த திசையைப் பார்த்து எதிரி டரட்டைத் (பீரங்கி பொருத்திய சுழலும் மேல்பகுதியை) திருப்பிக் குறிவைத்துச் சுடவும் செய்துவிடுவான். நம் லோடர் இன்னும் வெடிமருந்து கேஸைத் தூக்கிக்கொண்டிருப்பார்.

பட்டும் சாகாத எதிரி இன்னும் மோசம். முதல் குண்டில் கன்னரை (பீரங்கியைக் குறிவைத்துச் சுடுபவரை) மட்டும் வீழ்த்திவிட்டீர்கள் என்று வையுங்கள். இன்னொரு வீரர் அந்த இடத்துக்கு நகர்ந்து உட்காரச் சில நொடிகள் ஆகும். டைகருக்கு அந்த இடைவெளியே போதும், அடுத்த குண்டில் கதை முடிந்துவிடும். ஐஎஸ்-2 ரீலோட் முடிப்பதற்குள் எதிரி ஆள் மாற்றி, பின்வாங்கி, புகையும் விட்டிருப்பான். தெருமுனையில் இரண்டு பேர் சேர்ந்து வந்தால் கேட்கவே வேண்டாம், ஒருவனை அடித்துவிட்டு மற்றவனுக்குப் பலியாக வேண்டியதுதான்.

ரீலோட் நேரத்தோடு ஒட்டிய இன்னொரு விஷயம் ஆள் கணக்கு. டைகரில் ஐந்து பேர், ஐஎஸ்-2-இல் நான்கு பேர். ஒரே ஒருவர் மிஞ்சினால் டாங்கி போய்விட்டது என்று கணக்கு. லோடர் விழுந்து வேறொருவர் வந்து உட்காரும்வரை, ஏற்கெனவே நீண்ட காத்திருப்பு இன்னும் நீளும்.

மேடு பள்ளமான மேப்களில் டைகருக்கு இன்னொரு வசதி: பீரங்கியை எட்டு டிகிரி வரை கீழே தாழ்த்தலாம். மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்துக்கொண்டு டரட்டை மட்டும் காட்டிச் சுட்டுவிட்டு இறங்கிவிடலாம். ஐஎஸ்-2-க்கு மூன்று டிகிரிதான். உச்சி வரை ஏறி உடலையும் காட்டினால்தான் கீழே குறிவைக்க முடியும். அப்படி ஏறிச் சுட்டுவிட்டு இருபது நொடி வெறுங்கையோடு நிற்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, கவசம்? டைகரின் முன்பக்கம் 100 மி.மீ., கிட்டத்தட்ட நேராக நிற்கும் தகடு. நேராக எதிரியைப் பார்த்து நிற்கிறவர்கள் சீக்கிரம் செத்துப்போவார்கள். உடலை முப்பது டிகிரி திருப்பி நின்றால் அதே தகடு சுமார் 115 மி.மீ. தடிமனுக்குச் சமம், 80 மி.மீ. பக்கத் தகடு 160-க்குச் சமம். 76, 85 மி.மீ. பீரங்கிகளுக்கு எதிரே இது அருமையாக வேலை செய்யும். ஆனால் 122-க்கு முன்னால் பாதிக்குப் பாதிகூட நம்ப முடியாது. ஐஎஸ்-2-இன் அந்தக் குண்டு எப்படி நின்றாலும் துளைக்கும், துளைத்தால் பெரும்பாலும் உள்ளே யாரும் மிஞ்சமாட்டார்கள். அந்த டாங்கியின் முழு நியாயமும் அந்த ஒரு அடிதான்.

அதனால் அதை ஒதுக்கிவிடச் சொல்ல மாட்டேன். பெர்லின் மாதிரி நகர மேப்பில், நண்பர் ஒருவரும் ஐஎஸ்-2 எடுத்து, இருவரும் மாறி மாறிச் சுட்டால் எதிர்த்து நிற்பது கஷ்டம். தனியாக ஆடுகிறவர்களுக்குத்தான் அது பொறுமையைச் சோதிக்கும். 28 குண்டுகள்தான் கொள்ளும் என்று சிலர் குறை சொல்வதுண்டு. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம், அந்த ரீலோட் வேகத்தில் எல்லாவற்றையும் சுட்டுத் தீர்ப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிடும்.

நான் சொல்வதெல்லாம் ரியலிஸ்டிக் மோடை வைத்து. இன்னும் நிஜத்துக்கு நெருக்கமான சிமுலேட்டர் மோடில் நான் ஆடியது சொற்பம், அங்கே கணக்கு மாறலாம். 1944-இல் வந்த, முன்பக்கத்தைச் சாய்வாக மாற்றிய ஐஎஸ்-2-ஐயும் அதிகம் ஓட்டியதில்லை. அதன் கவசத்தை எதிர்ப்பக்கத்திலிருந்துதான் எனக்கு நன்றாகத் தெரியும்: டைகரிலிருந்து அந்தச் சாய்வுத் தகட்டைச் சுட்டு ஒரு பயனும் இல்லை, டரட்டைத்தான் தேட வேண்டும்.

சோவியத் பக்கம்தான் போவேன் என்பவர்களுக்கு வழியிலேயே ஐஎஸ்-1 கிடைக்கும். உடல் கிட்டத்தட்ட அதேதான், பீரங்கி மட்டும் 85 மி.மீ., குண்டும் சீக்கிரம் ஏறும். அதை ஓட்டிப் பழகிய கையோடு ஐஎஸ்-2-க்கு மாறினால், அந்த இருபது நொடி உங்களுக்கு ஒத்துவருமா என்பது இரண்டு மூன்று ஆட்டத்திலேயே தெரிந்துவிடும்.

டைகர் எடுக்கிறவர்களுக்கு ஒன்று: 92 குண்டுகள் கொள்ளும் என்பதற்காக அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அவை உடலின் இரு பக்கங்களிலும் அடுக்கியிருக்கும், பக்கவாட்டில் ஒரு அடி விழுந்தால் மொத்தமாக வெடிக்கும். பாதிக்கும் குறைவாக ஏற்றினாலே ஒரு ஆட்டத்துக்குத் தாராளம்.