வக்கீல் இல்லாமல் ஒரு நுகர்வோர் வழக்கு: மூன்று வருட அனுபவம்

2022 ஜனவரியில் 26,500 ரூபாய் கொடுத்து இன்வெர்ட்டரும் பேட்டரியும் வாங்கினேன். மே மாதத்திலேயே, கரண்ட் போனால் இருபது நிமிஷம்கூட தாங்கவில்லை. வீட்டிலேயே இரண்டு மெஷின் போட்டுத் தைப்பவள் நான். முகூர்த்த மாதத்தில் மெஷின் நின்றால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரரிடம் போனால், "அக்கா, அது கம்பெனி பொறுப்பு" என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், "டீலர்கிட்ட கொண்டு போங்க மேடம்" என்றார்கள். ஆகஸ்ட் வரை இப்படியே பந்தாடினார்கள்.

முதலில் 1915க்கு அழைத்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, காசு கிடையாது. புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்பினார்கள். பல பேருக்கு அந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். எனக்கு, "சோதித்தோம், பழுது இல்லை" என்று ஒரு வரி பதில் வந்தது. வீட்டுக்கு யாரும் வந்து சோதிக்கவே இல்லை என்பதுதான் எனக்குக் கோபம். நானே தமிழில் ஒரு நோட்டீஸ் எழுதி, கடைக்கும் கம்பெனிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டைகளைப் பத்திரமாக எடுத்து வைத்தேன்.

அக்டோபரில், நுகர்வோர் வழக்குகளை ஆன்லைனில் போடுவதற்கென்று அப்போது இருந்த இ-தாக்கில் தளத்தில் முறையீடு போட்டேன். 2019ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இரண்டு விஷயங்கள் நமக்கு வசதி. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணமே இல்லை. இதில் கணக்கு, நாம் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து அல்ல, கொடுத்த விலையை வைத்து. பிரச்சினை தோன்றிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

முதல் முறை போட்டது திரும்பி வந்தது. தப்பு என்னுடையதுதான். பில்லைப் போனில் கோணலாகப் படம் பிடித்து ஏற்றியிருந்தேன், பக்க எண் போடவில்லை, ஆவணப் பட்டியலும் இல்லை. பிரவுசிங் சென்டரில் ஒழுங்காக ஸ்கேன் செய்து தேதி வரிசையில் அடுக்கினேன். பில், வாரண்டி கார்டு, சர்வீஸ் சீட்டு, வாட்ஸ்ஆப் உரையாடல், நோட்டீஸ், ஒப்புகை அட்டை. வாட்ஸ்ஆப்பை வெறுமனே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் போதாது, மின்னணுப் பதிவுக்கு ஆதாரமாகக் கொடுக்கும் 65பி சான்று ஒன்றும் சேர்த்துவிடு என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னார். அப்போது இருந்த இந்தியச் சாட்சியச் சட்டத்தின் பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் புதுச் சாட்சியச் சட்டத்தில் அதுவே 63ஆம் பிரிவு.

இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டார்கள். ஆன்லைனில் போட்டாயிற்று, இனி வீட்டில் உட்கார்ந்து பார்க்கலாம் என்று நினைத்தேன். ஆணைய அலுவலகத்திலிருந்து போன் வந்தது: "ஆன்லைன்ல போட்டது சரிம்மா, நாலு செட் ஜெராக்ஸ் கொண்டு வாங்க." கொண்டு போனேன். அப்புறம் கம்பெனிக்கு அனுப்பிய நோட்டீஸ் திரும்பி வந்தது. நான் கொடுத்தது ஷோரூம் முகவரி. பதிவு அலுவலக முகவரி வாரண்டி கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. அதைக் கவனிக்காததால் இரண்டு மாதம் வீண். எதிர்தரப்பு முகவரியை மூன்று தடவை சரிபாருங்கள்.

நோட்டீஸ் கிடைத்த நாளிலிருந்து எதிர்தரப்பு முப்பது நாளில் பதிலுரை போட வேண்டும். மிஞ்சினால் இன்னொரு பதினைந்து நாள். அதற்கு மேல் அவகாசம் கொடுக்க ஆணையத்துக்கே அதிகாரம் இல்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. கடைக்காரர் கடைசிவரை எட்டிப் பார்க்கவில்லை. கம்பெனி வக்கீல் நாற்பத்து நான்காம் நாள் பதிலுரை போட்டார்.

அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. பில்லில் என் தையல் கடைப் பெயர் இருக்கிறதாம், ஆகவே வாங்கியது வியாபாரத்துக்காம், ஆகவே நான் நுகர்வோரே இல்லையாம். பில் போடும்போது கடைப் பையன் "பேர் என்னக்கா?" என்று கேட்க, வாசல் போர்டில் இருந்த பெயரை நான்தான் சொன்னேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 2ஆம் பிரிவின் 7ஆம் உட்பிரிவு நுகர்வோர் யார் என்று சொல்கிறது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அதன் கீழேயே ஒரு விளக்கம் இருக்கிறது: சொந்த உழைப்பில், வயிற்றுப்பாட்டுக்காகத் தொழில் செய்கிறவர் அதற்கென்றே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. சாட்சியமாக உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்கும் நிரூபண வாக்குமூலத்தில் இதை எழுதினேன். ஆள் வைத்துத் தைப்பதில்லை, இரண்டு மெஷினிலும் மிதிப்பது என் கால்தான் என்று. வீட்டு கரண்ட் பில்லையும் சேர்த்தேன். முழு வழக்கும் அந்த ஒரு பத்தியில்தான் நின்றது என்பது என் எண்ணம்.

அப்புறம் வாய்தா. மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எனக்குப் பதினேழு மாதம். தலைவரோடு குறைந்தது ஓர் உறுப்பினராவது அமர்ந்தால்தான் விசாரணை நடக்கும். எங்கள் மாவட்டத்தில் உறுப்பினர் பணியிடம் காலியாக இருந்ததில் நாலு வாய்தா சும்மா போயிற்று.

அந்தச் சமயத்தில் ஒரு வேடிக்கை. சித்தப்பாவுக்கு பாகப்பிரிவினை வழக்கு ஒன்று சிவில் கோர்ட்டில் இருக்கிறது. முன்பெல்லாம் தேதி தெரிய வக்கீல் குமாஸ்தாவைக் கெஞ்சுவார். இப்போது இ-கோர்ட்ஸ் செயலியில் ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகக் கொடுக்கும் பதினாறு இலக்க சிஎன்ஆர் எண்ணைப் போட்டு அவரே பார்த்துக்கொள்கிறார். நல்ல செயலிதான். அவரைப் பார்த்து நானும் என் வழக்கை அதில் ஒரு வாரம் தேடினேன். நுகர்வோர் ஆணையம் அந்தக் கோர்ட்டுகளோடு சேர்ந்தது இல்லை, அதற்குத் தளமே வேறு என்று பிறகுதான் உறைத்தது.

2024 மார்ச்சில் உத்தரவு. பணம் 26,500, முறையீடு போட்ட நாளிலிருந்து 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு 10,000, செலவுக்கு 3,000. நான் மன உளைச்சலுக்குக் கேட்டது இரண்டு லட்சம். தொகையைக் கூட்டி எழுதினால் கூடக் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இரண்டு மாதக் கெடு முடிந்தது. மேல்முறையீடும் இல்லை, பணமும் இல்லை. உத்தரவு கைக்கு வந்தால் பணம் தானாக வரும் என்று நினைத்திருந்த எனக்கு, நிறைவேற்று மனு என்ற ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. நுகர்வோர் சட்டத்தின் 71ஆம் பிரிவில் போட்டால் சிவில் கோர்ட் தீர்ப்பைப் போல வசூலிக்கலாம். 72இல் போட்டால், உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். 72இல் போட்டேன். நோட்டீஸ் போன மூன்றாவது வாரம், அதுவரை என் போனையே எடுக்காத கம்பெனி வக்கீல் அவராகவே கூப்பிட்டார். ஆகஸ்டில் 43,873 ரூபாய்க்கு டிமாண்ட் டிராஃப்ட் வந்தது. நோட்டரி, ஜெராக்ஸ், தபால், பஸ் எல்லாம் சேர்த்து என் செலவு 2,300 சொச்சம். பதினான்கு தடவை போய் வந்திருக்கிறேன். அந்தப் பதினான்கு நாள் தையல் கூலியைச் சேர்க்கவில்லை.

2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற புதுத் தளம் வந்துவிட்டது. வீடு மாற்றியபோது அண்ணியின் பீரோவை நசுக்கிய பேக்கர்ஸ் மீது அதில்தான் போட்டுக்கொடுத்தேன். இந்த முறை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்கள், பழகிய கை. இரண்டு வாய்தாவுக்கு வீட்டிலிருந்தே வீடியோவில் ஆஜரானோம். மைக்கை அணைக்க மறந்த அண்ணி, "இந்தாளுதான் அன்னைக்கு வந்தான்" என்று சொன்னது அமர்வு முழுக்கக் கேட்டது. மூன்றாவது வாய்தாவில் சமரசம். 9,000 ரூபாய்க்கு முடித்துக்கொண்டோம். அண்ணிக்குத் திருப்தி இல்லை, எனக்குத் திருப்தி.

கைமாற்றுக் கடன், வாடகை அட்வான்ஸ் தகராறு போன்றவற்றை நுகர்வோர் ஆணையத்துக்குக் கொண்டு போகாதீர்கள், எடுக்க மாட்டார்கள். மருத்துவக் கவனக்குறைவு மாதிரி நிபுணர் கருத்து வேண்டிய விஷயத்துக்கு நானாக இருந்தால் வக்கீல் வைப்பேன். பில், வாரண்டி, சர்வீஸ் சீட்டு மூன்றும் கையில் இருக்கும் வழக்கென்றால் தாராளமாக நீங்களே இறங்கலாம்.

பணம் கொடுத்ததும் பழைய பேட்டரியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளலாம் என்றும் உத்தரவில் ஒரு வரி இருந்தது. இன்றுவரை யாரும் வரவில்லை. மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. பழைய இரும்புக்காரர் மாதம் ஒரு தடவை கேட்கிறார், "கோர்ட் பொருள்ங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.