நாய் உண்ணிக்கான ஃபிப்ரோனில் ஸ்பிரே, பாம்புச் செள்ளுக்கு: ஆறு வாரம் பயன்படுத்திய பிறகு

நாய், பூனைகளின் உடலில் ஏறும் உண்ணிக்காகவும் தெள்ளுப்பூச்சிக்காகவும் விற்கப்படும் 0.25 சதவீத ஃபிப்ரோனில் ஸ்பிரேயை, எங்கள் வீட்டில் வளரும் பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் மேல் பரவிய செள்ளை, அதாவது இரத்தம் குடிக்கும் பொடி ஒட்டுண்ணியை, ஒழிப்பதற்காக, கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் ஆறு வாரம் பயன்படுத்திப் பார்த்தேன். மருந்து வேலை செய்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் புட்டியின் மேலுள்ள குறிப்பை மட்டும் படித்துவிட்டுப் பாம்பின் மேல் அடித்தால் பூச்சி போவதற்கு முன் பாம்பு போய்விடக்கூடும். அந்தக் குறிப்பில் ஊர்வனவற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கோவைக்குள் ஈரத்தோடு வீசிக்கொண்டிருந்த வாரத்தில்தான் முதலில் சந்தேகம் வந்தது. பகல் முழுவதும் கவிழ்த்து வைத்த மண்சட்டிக்குள் சுருண்டு கிடக்கும் எங்கள் தங்கம், மூன்று நாட்களாகத் தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. சட்டை உரிக்கப் போகிறது போலிருக்கிறது என்று நினைத்து விட்டுவிட்டேன். அது என் தவறு. நான்காம் நாள் கிண்ணத்தைக் கழுவ எடுத்தபோது, வெள்ளைப் பீங்கானின் அடியில் கசகசா தூவியதைப் போலக் கரும்புள்ளிகள் கிடந்தன. அவற்றில் ஒன்றை ஈரமான டிஷ்யூ தாளில் வைத்து நகத்தால் அழுத்தினேன். செந்நிறக் கோடு ஒன்று இழுத்துக்கொண்டு போனது. பாம்பைத் தூக்கி விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தால், செதில்களின் மேல் சாம்பல் தூசு படிந்தது போல வெண்மையாக இருந்தது. அந்தப் பூச்சிகளின் எச்சம் அது. இமையில்லாத கண்ணைச் சுற்றிய ஓரத்திலும், தாடைக்கு அடியில் நடுவே ஓடும் பள்ளத்திலும், மேலுதட்டில் வெப்பத்தை உணரும் குழிகளிலும் அவை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தன.

அன்று பல்லடத்திலிருந்து வந்திருந்த என் மச்சான், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், தாளைப் பார்த்ததும் சொன்னார்: "மாப்பிள்ள, இது எங்க கொட்டாய்ல வர்ற கோழிச்செள்ளு மாதிரியேதானுங்க இருக்குது. ராத்திரியானா கோழி மேல ஏறும், விடிஞ்சா சந்துல போய் ஒளிஞ்சுக்கும்." அவர் சொன்னது பெரும்பாலும் சரி. ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ் என்ற பெயருடைய பாம்புச் செள்ளும், டெர்மனிசஸ் கேலினே என்ற கோழிச்செள்ளும் வேறு வேறு இனங்கள். ஆனாலும் இரண்டும் இரத்தம் குடித்து வாழும் நெருங்கிய உறவுக்காரர்கள். பண்ணைக்கு அடிக்கும் மருந்தில் ஒரு மூடி ஊற்றித் தருகிறேன் என்று அன்போடு அவர் சொன்னதை மட்டும் ஏற்கவில்லை. கொட்டகையின் சுவருக்கும் தரைக்கும் கலந்து அடிக்கும் செறிவான பூச்சிக்கொல்லியை ஒன்றரைக் கிலோ எடையுள்ள பாம்பின் தோலில் அளவு தெரியாமல் தடவுவது கொலைக்குச் சமம் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இந்தப் பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாமல் எந்த மருந்தை வாங்கினாலும் பணம் வீண். முட்டை, புழுப்பருவம், இரண்டு இளம்பருவங்கள், வளர்ந்த பூச்சி என்று ஐந்து நிலைகள். இவற்றில் முதல் இளம்பருவமும் வளர்ந்த பூச்சியும் மட்டுமே இரத்தம் குடிக்கின்றன. மற்ற நிலைகளில் அது பாம்பின் மேல் இருக்க வேண்டிய தேவையே இல்லை. முட்டையிடும் பெண் பூச்சி பாம்பை விட்டு இறங்கி, ஈரமும் இருட்டும் உள்ள இடுக்கைத் தேடிப் போகிறது. பாம்புக்காக நாம் பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் வெதுவெதுப்பிலும் ஈரப்பதத்திலும் முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாக 13 முதல் 19 நாட்கள் போதும். ஃபிப்ரோனில் நடமாடும் பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்கிறது. முட்டையை ஒன்றும் செய்வதில்லை. அதனால்தான் ஒருமுறை தடவிவிட்டு, பூச்சி போய்விட்டது என்று நிம்மதியாக இருப்பவர்களின் பாம்பில் இரண்டே வாரத்தில் மறுபடியும் புள்ளிகள் தென்படுகின்றன. இரத்தம் இழந்து பாம்பு சோர்வது ஒரு புறம் இருக்க, ஏரோமோனாஸ் போன்ற நுண்கிருமிகளையும் இந்தச் செள்ளு ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் என்பதால், இதை வெறும் அரிப்பாக நினைக்க முடியாது.

மருந்தை நாங்கள் பயன்படுத்திய முறையைச் சொல்கிறேன். நாய்க்கு அடிப்பதைப் போல நேராகத் தெளிக்கவே கூடாது. மருந்தைத் தாங்கியிருப்பது ஆல்கஹால். மூடிய பெட்டிக்குள் அதன் நெடியே பாம்பின் நுரையீரலைப் பாதிக்கும். பழைய வெள்ளை வேட்டித் துணியைக் கிழித்து, வாசற்பக்கம் நின்றுகொண்டு, அதன் மேல் மூன்று முறை அழுத்தித் துணியை நனைத்தோம். பின் மனைவி பாம்பின் நடுவுடலைத் தாங்கிக்கொள்ள, கழுத்திலிருந்து வால்நுனி வரை செதில் படிந்திருக்கும் திசையிலேயே துடைத்தேன். கண், வாய், உதட்டுக் குழிகள் ஆகியவற்றின் பக்கம் துணியைக் கொண்டுபோகவில்லை. அந்த இடங்களில் ஒட்டியிருந்தவற்றை எண்ணெய் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஒவ்வொன்றாக எடுக்க அரைமணி நேரத்துக்கு மேல் ஆனது. ஐந்து நிமிடம் கழித்து வெதுவெதுப்பான நீரில் உடலைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, காற்றோட்டமான வேறொரு பிளாஸ்டிக் பெட்டியில் விட்டோம். தோலில் மிச்சமிருக்கும் மருந்து கலந்த நீரைப் பாம்பு குடித்துவிடக் கூடாது என்பதற்காக ஒரு நாள் முழுவதும் தண்ணீர்க் கிண்ணம் வைக்கவில்லை. இதையே பத்தாம் நாளும் இருபதாம் நாளும் செய்தோம். முதல் நாள் துணியில் நாற்பதுக்கு மேல் எண்ணினேன்; பத்தாம் நாள் ஏழு; இருபதாம் நாள் ஒன்றுகூட இல்லை.

இந்தக் கணக்கில் மருந்துக்கு உரிய பங்கு பாதிதான். மீதிப் பாதி கூண்டைச் சேர்ந்தது. எங்கள் உழைப்பில் பெரும்பகுதியும் அங்கேதான் போனது. பொள்ளாச்சித் தென்னைநார்த் தூள் மலிவாகவும் சுத்தமாகவும் கிடைக்கிறது என்பதால் நான்கு ஆண்டுகளாக அதைத்தான் தரைக்குப் பரப்பி வந்தேன். ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதன் நல்ல குணமே செள்ளுக்கு முட்டையிட மெத்தையாகிவிட்டது. அத்தனையையும் சாக்கில் கட்டி வெளியேற்றிவிட்டு, இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றும் செய்தித்தாளுக்கு வந்தோம். ஏறுவதற்காக வைத்திருந்த வேப்பங்கிளையை அடுப்பில் போட்டோம். மண்சட்டியும் கிண்ணமும் கொதிநீரில் வெந்தன. 50 டிகிரிக்கு மேல் இந்தப் பூச்சி பிழைப்பதில்லை. கண்ணாடி நகரும் அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தை ஊசியால் கீறியபோது, வெல்லத்தில் மொய்த்த எறும்பைப் போல அங்கே கூட்டமாக அவை கிடந்ததைப் பார்த்து நான் உண்மையிலேயே கலங்கிப்போனேன். பிளைவுட் மூட்டுகளைச் சிலிகான் வைத்து அடைத்து, பெட்டியின் உட்புறம் முழுவதும் ஸ்பிரேயை அடித்து, மொட்டை மாடியில் இரண்டு நாள் காயவிட்டு, நெடி துளியும் இல்லை என்று உறுதியான பிறகுதான் தங்கத்தை உள்ளே விட்டோம்.

இனி மருந்தின் குறைகள். 100 மில்லி புட்டி 400 ரூபாய்க்குள் கிடைத்தது, விலையில் குறையில்லை. ஆனால் நான் வாங்கிய புட்டியின் அழுத்தும் முனை இரண்டாம் வாரத்திலேயே ஒழுகத் தொடங்கி விரல்களை நனைத்தது. கையுறை இல்லாமல் தொட வேண்டாம் என்ற எச்சரிக்கையோ, கண்ணுக்குத் தெரியாத சிறிய ஆங்கில எழுத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளில் அந்த ஒரு வரியையாவது தமிழில் அச்சிட்டிருக்கலாம். முயலுக்கு இந்த மருந்து உயிராபத்து, மீன்தொட்டி உள்ள அறையில் தெளிக்கக் கூடாது, தேனீக்கும் ஆகாது. நோயுற்று மெலிந்த பாம்புக்கும் குட்டிகளுக்கும் மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன்; முனையும் குறிப்பும் சரியாக இருந்திருந்தால் நான்கு.

மாற்று வழிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்காக: வேப்பெண்ணெய் தடவிப் பார்த்த நண்பரின் பாம்பு, செதில்களில் பிசுக்கு ஏறி அடுத்த சட்டையைத் துண்டு துண்டாக உரித்தது. அந்துருண்டையைப் பெட்டிக்குள் போடுவது நஞ்சைப் புகட்டுவதற்கு ஒப்பானது. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தை மருத்துவர்கள் பாம்புக்குத் தருவது உண்டு; ஆனால் அதே வீட்டில் ஆமை வளர்ப்பவர்கள் மருந்து மாறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் ஆமைகளை அது கொன்றுவிடும். வெளிநாடுகளில் செள்ளைத் தின்னும் வேறொரு வகைச் செள்ளையே கூண்டில் விடுகிறார்கள். மருந்தே படாத அந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

எல்லாவற்றுக்கும் தொடக்கம், ஒரு கடையில் வாங்கி வந்த சோளப்பாம்பு. அதைக் கொடுத்தவர் "ரொம்ப சுத்தமுங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். நானும் அதே நாளில் அதைத் தங்கத்தின் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டு மாதமாவது தனி அறையில், வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பார்த்திருந்தால் இத்தனையும் நேர்ந்திருக்காது. இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. பால் பைத்தான் போல சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாதவர்கள் மருத்துவரிடம் போகவே அஞ்சி, கடைக்காரர் சொன்ன மருந்தைத் தாமே அடித்துப் பாம்பை இழப்பதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கையில் பதிவுத்தாள் இருந்ததால், புள்ளியைப் பார்த்த அன்று மாலையே மருத்துவரின் முன் நிற்க முடிந்தது. கொங்குப் பகுதியில் ஊர்வன பார்க்கும் மருத்துவர்கள் குறைவு. அருகில் யாரும் கிடைக்காதவர்கள் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதலில் விசாரித்துப் பார்க்கலாம்.

ஒரு பாம்புக்கும் ஒரு பெட்டிக்கும் 100 மில்லி புட்டி தாராளமாகப் போதும்; மூன்று முறை துடைத்து, பெட்டிக்கும் அடித்த பிறகும் எங்களுடையதில் கால்பங்கு மிச்சம் இருக்கிறது. பெரிய புட்டியை வாங்க வேண்டாம். மிச்சப்படும் பணத்தில் ஒரு பெட்டி ரப்பர் கையுறையும் நல்ல பூதக்கண்ணாடி ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.