கிராண்ட் கேன்யன்: தெற்கு விளிம்பா, வடக்கு விளிம்பா?

அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கிற இந்தப் பெரும் பள்ளத்தாக்கின் இரண்டு விளிம்புக்கும் ஒரே நுழைவுச்சீட்டு செல்லும், ஏழு நாள் வரை. ஆனால் எதிரே தெரிகிற கரைதானே, மதியம் ஒரு எட்டு போய்விட்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். நேர்கோட்டில் சுமார் 16 கி.மீ., காரில் சுற்றினால் 340 கி.மீ.

காலம்: தெற்கு வருடம் முழுக்கத் திறந்திருக்கும். வடக்கு வழக்கமாக மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரைதான், அப்புறம் பனி.

போக்குவரத்து: தெற்குக்கு வில்லியம்ஸ் ஊரிலிருந்து ரயிலே உண்டு (1901இல் வந்தது, 1968இல் நின்றது, 1989இல் மறுபடி ஓடியது), உள்ளே இலவசப் பேருந்து. வடக்குக்குக் கார் இல்லாமல் கஷ்டம்.

கூட்டம்: தெற்கில் திருவிழாதான். வடக்குக்கு வருகிறவர்கள் சொற்பம்.

வரலாறு: இதில் தெற்கு ஒரு படி மேல். 1905இல் கட்டிய எல் டோவர் விடுதி, எதிரிலேயே கட்டடக் கலைஞர் மேரி கோல்டர் வடிவமைத்த ஹோப்பி ஹவுஸ் (ஹோப்பி என்பது அங்குள்ள ஒரு பூர்வகுடி). அவரே 1932இல் எழுப்பிய டெசர்ட் வியூ கோபுரத்தை விட்டுவிடாதீர்கள். பியூப்ளோ என்ற பூர்வகுடி மக்களின் பழைய கோபுரங்களைப் பார்த்துக் கட்டியது, உள்சுவரில் ஹோப்பி ஓவியர் ஃப்ரெட் கபோட்டி தீட்டிய பாம்பு நடனக் கதை இருக்கிறது. வடக்கின் பெருமை 1937இல் மீண்டும் கட்டிய லாட்ஜ். 2025 காட்டுத்தீயில் அதுவும் எரிந்துபோனது. இப்போது எது திறந்திருக்கிறது என்று விசாரித்துவிட்டே கிளம்புங்கள்.

முதல்முறை, குழந்தைகள், பெரியவர்கள் என்றால் யோசிக்காமல் தெற்கு. ஏற்கெனவே பார்த்தவர், 300 மீட்டர் கூடுதல் உயரத்துக் குளிரும் காடும் வேண்டும், வெள்ளை வால் கைபாப் அணிலைப் பார்க்க ஆசை என்றால் வடக்கு.